ஒரு வாய் சாப்பிடச் சொல்பவர்களுக்கு நடுவே: டர்பனில் உணவு அலர்ஜியும் கையில் போடும் பட்டையும்

உணவு அலர்ஜி இருப்பவருக்குத் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் மிக ஆபத்தான இடம் எது என்று என்னைக் கேட்டால் கல்யாண மண்டபம், கோயில் பந்தி, தீபாவளி வாரத்தில் சொந்தக்காரர் வீடு, இந்த மூன்றையும்தான் சொல்வேன். ஓட்டலில் "இதில் வேர்க்கடலை இருக்கிறதா" என்று கேட்டால் உள்ளே போய் விசாரித்து வந்து சொல்ல ஒரு ஆள் இருக்கிறார். பெரியம்மா வீட்டில் கேட்டால் முகம் வாடிவிடும். "நான் உனக்குக் கெடுதல் பண்ணுவேனா, ஒரு வாய் சாப்பிடும்மா" என்பார்கள். அந்த ஒரு வாய்தான் பிரச்சினையே.

என் மகளுக்கு வேர்க்கடலையும் எள்ளும் ஆகாது. டர்பனில் நம் ஆட்கள் நிறைய வாழும் சாட்ஸ்வர்த்தில் இருக்கிறோம், சொந்தபந்தம் நிறைய, விசேஷத்துக்குக் குறைவில்லை. எங்கள் வீட்டில் என்ன செய்கிறோமோ அதைத்தான் இங்கே எழுதுகிறேன். மருந்தின் அளவு மட்டும் உங்கள் டாக்டர் உங்களுக்கென்று எழுதிக் கொடுப்பதுதான், அதில் என் பேச்சையோ பக்கத்து வீட்டுக்காரர் பேச்சையோ கேட்கக்கூடாது.

முதலில், எது ஆகாது என்பதைச் சரியாகத் தெரிந்துகொள்ளுங்கள். "ஏதோ சாப்பிட்டேன், தடித்தது" என்பதை வைத்துக்கொண்டு பத்து உணவை நிறுத்துகிறவர்களும் உண்டு, "இறால் சாப்பிட்டால் கொஞ்சம் தொண்டை அடைக்கும், பரவாயில்லை" என்று சாப்பிட்டுக்கொண்டே இருப்பவர்களும் உண்டு. இரண்டாவது வகைதான் எனக்குப் பயம். தோலில் குத்திப் பார்க்கும் சோதனையும் ரத்தப் பரிசோதனையும் இருக்கின்றன, ஆனால் அதில் பாசிட்டிவ் வந்தால் மட்டும் அலர்ஜி என்று ஆகிவிடாது. சாப்பிட்டபோது என்ன நடந்தது என்ற கதையையும் சேர்த்துத்தான் டாக்டர் முடிவு செய்வார். சந்தேகம் இருந்தால் மருத்துவமனையில் வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துப் பார்ப்பார்கள். அதை வீட்டில் செய்யாதீர்கள். பால் குடித்தால் வயிறு உப்புவது வேறு, பால் அலர்ஜி வேறு. முன்னது சங்கடம், பின்னது உயிருக்கு ஆபத்தாகலாம்.

"நம் காலத்தில் இதெல்லாம் ஏது" என்று ஆயா ஒருத்தர் கட்டாயம் சொல்வார். இங்கே தென்னாப்பிரிக்காவிலேயே பார்த்திருக்கிறார்கள்: ஒன்று முதல் மூன்று வயதுக் குழந்தைகளுக்கு உணவைக் கொடுத்துப் பார்த்தே உறுதிசெய்த ஆய்வில் கேப் டவுன் நகரத்தில் 2.5 சதவீதம் பேருக்கு உணவு அலர்ஜி, ஈஸ்டர்ன் கேப் கிராமப்புறத்தில் 0.5 சதவீதம். ஆக ஆயா சொல்வதிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது, கிராமத்தில் குறைவுதான். ஆனால் நாம் இப்போது நகரத்தில் அல்லவா இருக்கிறோம்.

நம் சமையலில் ஒளிந்திருப்பவை

வெளிநாட்டுக் குறிப்புகளைப் படித்தால் பீனட் பட்டர், கேக், சாக்லெட் என்று முடித்துவிடுவார்கள். நம் வீட்டு டப்பாக்கள் அவர்களுக்குத் தெரியாது. செவ்டாவில் (மிக்சர் மாதிரியான நொறுக்குத்தீனி) வேர்க்கடலை இருக்கும், எல்லோருக்கும் தெரியும். அதே கரண்டியால் முறுக்கையும் அள்ளிப் பக்கத்து டப்பாவில் போடுவது யாருக்கும் கண்ணில் படாது. தீபாவளிக்கு வீடு வீடாகக் கைமாறும் இனிப்புப் பெட்டியில் பர்ஃபியும் லட்டும் நான்கட்டாயும் ஒன்றன்மேல் ஒன்று உட்கார்ந்திருக்கும், பர்ஃபி மேலே தூவிய பாதாம் தூள் எல்லாவற்றின் மேலும் உதிர்ந்திருக்கும். பாதாம் ஆகாத குழந்தைக்கு அந்தப் பெட்டியில் எதுவுமே வேண்டாம், "இதில் பாதாம் இல்லை, இதை எடுத்துக்கோ" என்று பொறுக்கிக் கொடுப்பதும் வேண்டாம். முந்திரி ஆகாதவருக்குப் பெரும்பாலும் பிஸ்தாவும் ஆகாது, அவை இரண்டும் நெருங்கிய உறவு.

எள் தனிக் கதை. நல்லெண்ணெய் என்பது எள் எண்ணெய், அதுவும் செக்கில் ஆட்டியதில் எள்ளின் புரதம் தங்கியிருக்கும். எள்ளுருண்டையை எல்லோரும் தவிர்ப்பார்கள், ஊறுகாயின் மேலே நிற்கும் எண்ணெயையும் இட்லிப் பொடியையும் மறந்துவிடுவார்கள். சனிக்கிழமை எள் விளக்கு ஏற்றிய கையோடு பிரசாதம் கொடுப்பதும் நடக்கும்.

கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருக்கும். கோதுமை அலர்ஜி உள்ளவர் சாம்பார் சாப்பிட்டுவிட்டு, "சோறும் பருப்பும்தானே, எப்படி வந்தது" என்று யோசித்தால், பெருங்காய டப்பாவின் பின்பக்கத்தைப் படிக்கச் சொல்லுங்கள்.

புரட்டாசி வந்தால் டர்பனில் பாதி வீடு சைவமாகிவிடும், அந்த மாதம் சோயா அலர்ஜி உள்ளவர்களுக்குத் தலைவலி. சோயா மின்ஸ் சமூசா, சோயா கைமா கறி, சோயாவில் செய்த சாசேஜ் என்று எங்கே போனாலும் சோயா. "சுத்த சைவம், பயப்படாமல் சாப்பிடு" என்று வேறு சொல்வார்கள். கறிக்குப் பதிலாகக் கோதுமைப் புரதத்தில் செய்த துண்டுகளையும் மசாலாவில் போடுவார்கள், பார்க்க ஆட்டுக்கறி மாதிரியே இருக்கும். சைவம் என்பதால் அலர்ஜிக்குப் பாதுகாப்பு என்று ஆகிவிடாது. மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றும் பூஜையில் புளித்த பால் சேர்த்திருக்கிறார்களா என்று பால் ஆகாதவர்கள் கேட்டே ஆகவேண்டும். சர்க்கரைப் பொங்கல், பஞ்சாமிர்தம், பாயாசம் மூன்றிலும் நெய், முந்திரி, பால் இவற்றில் ஏதாவது ஒன்று இருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். நெய்யை உருக்கி வடித்தாலும் பாலின் புரதம் கொஞ்சம் மிஞ்சும்.

பொரிக்கும் எண்ணெய் எல்லாவற்றையும் கலந்துவிடும். இறால் சமூசாவும் உருளைக்கிழங்கு சமூசாவும் வடையும் ஒரே சட்டியில்தான் போகும். இறால், நண்டு ஆகாதவர்களில் சிலருக்கு அது கொதிக்கும்போது வரும் ஆவியே போதும், மூச்சு இழுக்கும். அதனால் ஞாயிற்றுக்கிழமை நண்டுக் குழம்பு வைக்கும் வீட்டில் அடுப்படிப் பக்கம் போகாமல் இருப்பது நல்லது. லிம்போபோ பக்கம் சுற்றுலா போனால் மொபானிப் புழுவை வறுத்துக் கொடுப்பார்கள், இறால் ஆகாதவருக்கு அதுவும் ஆகாமல் போகலாம். வேடிக்கைக்குக்கூட வாயில் வைக்கவேண்டாம்.

இன்னொன்று, மட்டன் பன்னி சௌ (ரொட்டியைக் குடைந்து உள்ளே கறி நிரப்பித் தருவது) சாப்பிட்டுவிட்டுத் தூங்கப்போய், மூன்று மணி நேரத்துக்கும் மேல் கழித்து நடு இரவில் உடம்பெல்லாம் தடித்து எழுந்தால், டாக்டரிடம் "உண்ணி கடித்ததுண்டா" என்பதையும் பேசுங்கள். உண்ணிக்கடியால் ஆடு, மாடு, பன்றி இறைச்சிக்கு வரும் அலர்ஜி ஒன்று உண்டு. ஈஸ்டர்ன் கேப்பில் அதைப் பதிவு செய்திருக்கிறார்கள். மற்ற உணவு அலர்ஜி பெரும்பாலும் நிமிடங்களிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் காட்டிவிடும், இது மட்டும் தாமதமாக வரும், அதனால்தான் யாரும் தூங்கும் முன் சாப்பிட்ட கறியைச் சந்தேகிப்பதில்லை.

லேபல்

2010இல் வந்த ஆர்146 லேபல் விதிப்படி, இங்கே பாக்கெட்டில் அடைத்து விற்கும் உணவில் முட்டை, பசும்பால், இறால் நண்டு சிப்பி வகைகள், மீன், வேர்க்கடலை, சோயா, பாதாம் முந்திரி வகைகள், கோதுமை போன்ற முக்கியத் தானியங்கள் இவை இருந்தால் தெளிவாகச் சொல்லவேண்டும். எள்ளும் கடுகும் அந்தப் பட்டியலில் இல்லை. நம் ஆட்களுக்கு இது முக்கியம். எள்ளோ கடுகோ ஆகாதவர் தடித்த எழுத்தை மட்டும் பார்த்துவிட்டுக் கூடையில் போடக்கூடாது, சேர்பொருள் வரிசை முழுவதையும் படிக்கவேண்டும். "ஸ்பைசஸ்" என்று ஒற்றைச் சொல் இருந்தால் தயாரிப்பாளருக்குப் போன் போட்டுக் கேளுங்கள். விக்டோரியா தெரு மார்க்கெட்டில் குவித்து வைத்திருக்கும் உதிரி மசாலாவுக்கு லேபலும் கிடையாது, அள்ளும் கரண்டி எத்தனை குவியலில் போய்வந்ததோ அதற்குக் கணக்கும் கிடையாது. வாசனைக்கு நின்று பாருங்கள், மசாலாவை முழுசாக வாங்கி வீட்டில் அரையுங்கள்.

ஏற்கெனவே வாங்கிப் பழகிய பாக்கெட்டையும் ஒவ்வொரு முறையும் படிக்கவேண்டும். கம்பெனிக்காரன் சேர்மானத்தை மாற்றும்போது நமக்குச் சொல்லிவிட்டு மாற்றமாட்டான். கடை ரொட்டிகள் பலவற்றில் சோயா மாவு இருக்கும், வூஸ்டர் சாஸில் நெத்திலி வகை மீன் இருக்கும். இப்படிச் சம்பந்தமில்லாத இடத்தில்தான் வந்து உட்கார்ந்திருக்கும்.

கேட்பது எப்படி

"இதில் கடலை இருக்கிறதா அத்தை?" என்று கேட்டால் "இல்லை" என்றுதான் பதில் வரும். அவர் பொய் சொல்லவில்லை, அவர் போடவில்லை, அவ்வளவுதான். கேள்வியை மாற்றுங்கள். "அத்தை, இது எப்படிச் செய்தீர்கள், எந்த எண்ணெய், எதில் பொரித்தீர்கள்?" என்று சமையலைப் பற்றிக் கேளுங்கள். சமையலைப் பற்றிக் கேட்டால் நம் ஊரில் யாரும் கோபித்துக்கொள்வதில்லை, மாறாகக் கடையில் வாங்கிய பொடி பெயர் முதற்கொண்டு மொத்தமும் வந்துவிடும். அப்புறம் முடிவு நீங்கள் எடுக்கலாம்.

மறுக்கும்போது நீளமாக விளக்கம் சொல்லாதீர்கள். விளக்கம் சொன்னால் பேரம் பேசுவார்கள். "சாப்பிட்டால் ஆம்புலன்ஸ்தான் அத்தை, எனக்கு ஒரு வாழைப்பழம் கொடுங்கள்" என்று ஏதாவது ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள். கொடுக்கிற கைக்கு எதையாவது கொடுத்த திருப்தி வேண்டும், அது தோல் உரிக்காத பழமாக இருந்தால் இரண்டு பேருக்கும் நல்லது. கல்யாணத்துக்குப் போகும்போது எங்கள் மகளுக்கு நாங்களே டப்பா கட்டிக்கொண்டு போவோம். முதல் சில விசேஷங்களில் பேசினார்கள், இப்போது "டப்பா எங்கே" என்று அவர்களே கேட்கிறார்கள். பந்தியில் பரிமாறுவதைச் சாப்பிட்டே ஆகவேண்டுமென்றால் சமையல்காரரிடம் நேராகப் பேசி, கூட்டம் வருவதற்கு முன், கரண்டி மாறுவதற்கு முன், முதல் ஆளாகப் போட்டுக்கொள்ளுங்கள்.

கைப்பட்டை

இவ்வளவு செய்தும் ஒருநாள் நடக்கும். அன்றைக்கு நாக்கு தடித்து, பேச்சு வராமல், பக்கத்தில் தெரிந்தவர் யாரும் இல்லாமல் போகலாம். அதற்குத்தான் கையில் போடும் மருத்துவ அடையாளப் பட்டை. மெடிக்அலர்ட் என்ற பெயரில் இது பிரபலமானது, தென்னாப்பிரிக்காவிலும் அந்த அமைப்பு இருக்கிறது. அதன் கதை அமெரிக்காவில் கலிஃபோர்னியாவின் டர்லாக் என்ற சிற்றூரில் தொடங்குகிறது. அங்கே மேரியன் காலின்ஸ் என்ற டாக்டரின் மகளுக்கு 1953இல் விரலில் காயம். டெட்டனஸ் தடுப்பு மருந்து ஒத்துக்கொள்கிறதா என்று சோதிக்கப் போட்ட துளியே அவளைச் சாவின் விளிம்புக்குக் கொண்டுபோய்விட்டது. அதற்குப் பிறகு வெளியூர் போகும்போது காகிதத்தில் எழுதிக் கொடுத்தனுப்பிய பெற்றோர், கல்லூரிக்குப் போகும் சமயம் அதையே வெள்ளிப் பட்டையில் பொறித்துப் போட்டு அனுப்பினார்கள். 1956இல் அதை எல்லோருக்கும் கிடைக்கும்படி அமைப்பாக்கினார்கள். இந்த வகைப் பட்டையில் உங்கள் விவரம், உறுப்பினர் எண், அவசரத்துக்கு அழைக்க ஒரு தொலைபேசி எண் எல்லாம் பொறித்திருக்கும், அழைத்தால் உங்கள் மருத்துவக் குறிப்பைப் படித்துச் சொல்வார்கள். அமைப்பில் சேராமல் சாதாரணப் பட்டையில் பொறித்துப் போட்டாலும் சரிதான், ஒன்றுமில்லாததற்கு அது எவ்வளவோ மேல்.

என்ன பொறிப்பது என்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். தகட்டில் இடம் கொஞ்சம்தான், அதனால் முதல் வரியிலேயே விஷயம் வரவேண்டும். "ஃபுட் அலர்ஜி" என்று பொத்தாம்பொதுவாக எழுதினால் வருகிறவருக்கு ஒன்றும் புரியாது, லேசான அரிப்பு என்று நினைத்துக்கொள்வார். "நட்ஸ்" என்றும் எழுதாதீர்கள், வேர்க்கடலையா முந்திரியா என்று தெரியவேண்டும். எங்கள் மகள் பட்டையில் "பீனட், செசமி, அனஃபிலாக்சிஸ், கிவ் அட்ரினலின்" என்று இருக்கிறது (வேர்க்கடலை, எள், அனஃபிலாக்சிஸ் என்றால் உயிருக்கு ஆபத்தான கடும் அலர்ஜி, அதற்குப் போடும் ஊசி மருந்துதான் அட்ரினலின்), அடுத்து அவள் பெயர், அதற்கு அடுத்து எங்கள் இரண்டு பேர் எண்கள். ஆஸ்துமா இருந்தால் அதையும் சேர்க்கவேண்டும், ஆஸ்துமாவும் உணவு அலர்ஜியும் சேர்ந்திருப்பவர்களுக்கு ஆபத்து அதிகம். ரத்த அழுத்தத்துக்கு பீட்டா பிளாக்கர் வகை மாத்திரை சாப்பிடும் பெரியவர்கள் அதையும் போடுங்கள், அது அட்ரினலின் வேலை செய்வதைக் குறைக்கக்கூடும். தொலைபேசி எண்ணில் ஒரு சின்ன எச்சரிக்கை: தன் எண்ணையே பொறித்துக்கொண்டு திரிபவர்களைப் பார்த்திருக்கிறேன். மயங்கிக் கிடக்கும்போது உங்கள் பையிலேயே மணி அடித்து என்ன பயன்? ஐடி எண், வீட்டு முகவரி இரண்டும் வேண்டாம், பட்டை தொலைந்தால் வேறு தொல்லை வரும்.

எழுத்து ஆங்கிலத்தில்தான் இருக்கவேண்டும், தமிழ்ப்பற்றை இதில் காட்டாதீர்கள். டர்பன் இருக்கும் குவாசுலு நட்டால் மாகாணத்தில் ஆம்புலன்ஸில் வருபவர் ஜூலு பேசுபவராகவோ ஆங்கிலம் பேசுபவராகவோ இருப்பார். பெரிய எழுத்தில், சுருக்கக் குறி இல்லாமல் பொறிக்கச் சொல்லுங்கள்.

அடுத்தது, எங்கே போடுவது. பாராமெடிக், அதாவது ஆம்புலன்ஸில் வரும் மருத்துவ உதவியாளர், நாடி பார்க்கும்போது மணிக்கட்டையும் கழுத்தையும் பார்ப்பார். நம் கையில்தான் ஏற்கெனவே கூட்டமாயிற்றே: வளையல் ஒரு வரிசை, கோயிலில் கட்டிய காப்புக் கயிறு, ருத்திராட்சம், வாட்ச். அந்தக் கூட்டத்தில் இந்தப் பட்டையும் இன்னொரு வளையலாகிவிடும். ஒரு கையை இதற்கென்று காலியாக விடுங்கள். வளையல் எல்லாம் மற்றக் கைக்குப் போகட்டும். கழுத்தில் போடுவதென்றால் தாலிச் சரட்டோடு சேர்ந்து ஜாக்கெட்டுக்குள் மறைந்துவிடும், ஆகவே பெண்களுக்குக் கைதான் நல்லது. சின்னக் குழந்தைக்குக் கழுத்துச் சங்கிலி கூடவே கூடாது, எங்காவது மாட்டி இறுக்கும்.

பட்டையில் பாம்பு சுற்றிய கோல் இருக்கும், சிலவற்றில் நீல நிறத்தில் ஆறு முனை நட்சத்திரத்தின் மேல் அந்தக் கோல் இருக்கும். வெளியே எல்லோருக்கும் அது மருத்துவக் குறி. நம் பாட்டிமார் கண்ணுக்கு ஆறு முனை என்றால் முருகன் சக்கரம், பாம்பு என்றால் நாகதோஷப் பரிகாரம், "எந்தக் கோயிலில் மந்திரிச்சீங்க" என்று கேட்டவர்கள் உண்டு. சிரிப்புதான், ஆனால் அப்படி நினைக்கிறவர் ஆபத்தில் அதைத் திருப்பிப் படிக்கமாட்டார். வீட்டுக்கு வந்துபோகும் எல்லோருக்கும், வேலைக்கு வரும் அம்மாவுக்கும் சேர்த்து, ஒருதரம் கையை நீட்டிக் காட்டி "இதைத் திருப்பினால் எழுதியிருக்கும்" என்று சொல்லிவையுங்கள்.

தங்கத்தில் செய்யலாமா என்று கேட்பார்கள். செய்யலாம், ஆனால் நான் செய்யமாட்டேன். தங்கத்தில் செய்தால் நகை மாதிரித் தெரிகிறது, படிப்பவர் குறைவு, இந்த ஊரில் தெருவில் பறித்துக்கொண்டு போகிறவர் அதிகம். சாதாரணத் துருப்பிடிக்காத எஃகுதான் சரி. நிக்கல் பட்டால் தோல் அரிக்கும் என்பவர்கள் டைட்டேனியம் அல்லது சிலிகான் பட்டை வாங்கலாம். டர்பன் ஈரக்காற்றிலும் கடல் தண்ணீரிலும் மட்டமான உலோகம் கறுத்து எழுத்தே தெரியாமல் போகும், அதனால் ஆழமாகப் பொறித்ததா என்று நகத்தால் தடவிப் பாருங்கள். குழந்தைகள் வளர வளர அளவு மாறும், இறுக்கினால் கழற்றிப் போட்டுவிடுவார்கள்.

பள்ளியில் "நகை கூடாது" என்று கழற்றச் சொன்னால் டாக்டர் கடிதத்தோடு தலைமையாசிரியரைப் பாருங்கள், பெரும்பாலும் அதோடு முடிந்துவிடும். டர்பன் கேர்ள்ஸ் ஹை ஸ்கூலில் ஒரு தமிழ்ப் பெண்ணின் மூக்குத்தியை வைத்து நடந்த பிள்ளை வழக்கு நினைவிருக்கும். 2007இல் அரசியலமைப்பு நீதிமன்றம் அந்த மாணவிக்கு விதிவிலக்கு கொடுத்திருக்கவேண்டும் என்று தீர்ப்பளித்தது. அது மதம், பண்பாடு பற்றியது, மருத்துவம் பற்றியது அல்ல. இருந்தாலும் சீருடை விதி என்றால் அசையவே அசையாது என்று எந்தப் பள்ளியும் இங்கே அதற்கப்புறம் சொல்வது கடினம்.

போனிலும் மருத்துவ விவரம் பதிந்து வைக்கலாம், பூட்டுத் திரையிலிருந்தே பார்க்க முடியும். வையுங்கள். ஆனால் போன் சார்ஜ் தீரும், கீழே விழுந்து உடையும், களவு போகும். பட்டைக்குப் பதிலாகப் போனை நம்பவேண்டாம்.

மருந்து

பட்டை படிக்கப்படுவதே அட்ரினலின் போடுவதற்காகத்தான். கையில் பட்டை, பையில் மருந்து இல்லை என்றால் அது வெறும் பெயர்ப்பலகை. ஊசிப் பேனா (மருந்து அடைத்தே வரும், தொடையில் அழுத்தினால் தானே குத்தும் பேனா மாதிரி ஊசி) கிடைத்தால் நல்லது, எபிபென் போன்றவை 0.3 மில்லிகிராம், குழந்தைகளுக்கு 0.15 மில்லிகிராம் என்று வரும். கிடைக்காதபோது அல்லது விலை கட்டுப்படியாகாதபோது டாக்டர்கள் ஆம்பூலும் (மருந்து இருக்கும் சின்னக் கண்ணாடிக் குப்பி) சிரிஞ்சும் சேர்த்த பெட்டி எழுதிக் கொடுப்பார்கள். அது மட்டமில்லை, மருந்து ஒன்றேதான், ஆனால் கை நடுங்கும் நேரத்தில் ஆம்பூலை உடைத்து உறிஞ்சவேண்டும். ஒரு மில்லிலிட்டர் ஆம்பூல் முழுவதும் உங்கள் டோஸ் இல்லை, பெரியவருக்கே அரை மில்லிலிட்டர்தான் உச்சம். உங்கள் டாக்டர் சொன்ன அளவில் சிரிஞ்சின் மேல் அழியாத மையால் கோடு போட்டு வையுங்கள். வெறும் தண்ணீரை வைத்து உறிஞ்சிப் பழகுங்கள்.

காரில் வைக்காதீர்கள், இங்கே கோடையான ஜனவரி வெயிலில் கார் அடுப்பாகிவிடும். ஃபிரிட்ஜிலும் வேண்டாம். வெளிச்சம் படாமல், சாதாரண அறைச் சூட்டில், ஆளோடு போகும் பையில் இருக்கட்டும். எப்போதும் இரண்டு டோஸ்.

நடந்துவிட்டால்

உடம்பில் தடிப்பு மட்டும் என்றால் டாக்டர் கொடுத்த அலர்ஜி மாத்திரையோடு கவனித்துக்கொண்டிருக்கலாம். தொண்டை இறுக்கம், குரல் கம்முதல், விடாத இருமல், இழுப்பு, நாக்கு வீக்கம், திரும்பத் திரும்ப வாந்தி, தலைசுற்றல், குழந்தை துவண்டு வெளிறிப்போவது, இவற்றில் ஒன்று வந்தாலும் ஊசிதான், காத்திருக்கக்கூடாது. சில பேருக்குத் தடிப்பே வராமல் நேராக மூச்சில் காட்டும், "உடம்பில் ஒன்றுமில்லையே" என்று ஏமாறாதீர்கள். மாத்திரை கொடுத்துவிட்டு "பார்ப்போம்" என்று உட்காருவதும், மிளகு ரசம், வெந்நீர், விபூதி என்று போவதும் நேரத்தைத் தின்னும். விபூதியை ஊசி போட்டபின் பூசுங்கள், யார் வேண்டாம் என்றது.

தொடையின் வெளிப்பக்கம், நடுவில். துணிக்கு மேலேயே குத்தலாம், ஆனால் சரிகைப் பட்டுப் புடவை ஐந்தாறு மடிப்பாக இருக்கும், மடிப்பை விலக்கி மெல்லிய துணி மேல் குத்துங்கள். வேட்டியைத் தூக்கிவிடுங்கள், வெட்கப்பட நேரமில்லை. எபிபென் என்றால் நீல மூடியை இழுத்துவிட்டு ஆரஞ்சு முனையைத் தொடையில் அழுத்தி, கிளிக் என்றபின் மூன்று விநாடி பிடித்திருங்கள். நீல முனையில் கட்டைவிரலை வைக்காதீர்கள். படுக்கவைத்துக் காலை உயர்த்துங்கள். மூச்சுத் திணறினால் உட்காரவைக்கலாம், ஆனால் எழுந்து நடக்கவிடாதீர்கள். பாத்ரூம் போகிறேன் என்று எழுந்தாலும் விடாதீர்கள், திடீரென்று எழுந்து நிற்பதே அந்த நிலையில் உயிரைப் பறிக்கலாம். ஐந்து நிமிடத்தில் தெளிவு வராவிட்டால் இரண்டாவது டோஸ்.

அரசு ஆம்புலன்ஸ் 10177. கைபேசியிலிருந்து 112. மெடிக்கல் எய்ட் (மருத்துவக் காப்பீடு மாதிரியான திட்டம்) உள்ளவர்கள் நெட்கேர் 082 911 அல்லது ஈஆர்24 என்ற 084 124 அழைக்கலாம். "அலர்ஜி" என்று சொல்லாதீர்கள், "அனஃபிலாக்சிஸ்" என்று சொல்லுங்கள், முன்னதற்கு வண்டி மெதுவாக வரலாம். தெருப்பெயரோடு யூனிட் எண்ணையும் பக்கத்துக் கோயிலையோ பள்ளியையோ சேர்த்துச் சொல்லி, ஒருவரை வாசலில் நிறுத்துங்கள்.

காவடி நாளைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். தைப்பூசத்திலும், மவுண்ட் எட்ஜ்கோம் மாரியம்மன் கோயில் ஈஸ்டர் திருவிழா மாதிரியான கூட்டத்திலும் ஒருவர் தள்ளாடி விழுந்தால் சுற்றியிருப்பவர்கள் "சாமி வந்திருக்கிறது" என்று விலகி நின்று கும்பிடுவார்கள். அருள் வந்து விழுவதும் உண்டு, வெயிலில் மயங்குவதும் உண்டு, சற்றுமுன் வாங்கிய பிரசாதத்தில் முந்திரி இருந்ததும் உண்டு. கையில் பட்டை இருக்கிறதா, உதடு வீங்கியிருக்கிறதா, மூச்சு எப்படி என்று பார்த்துவிட்டு அப்புறம் கும்பிடலாம். நீங்களே காவடி எடுப்பவர் என்றால் கூட வரும் அண்ணன் தம்பிகளில் ஒருவரிடம் மருந்துப் பை இருக்கட்டும். சிலருக்கு, குறிப்பாகக் கோதுமை விஷயத்தில், சாப்பிட்டவுடன் உடம்பை வருத்தினால்தான் அலர்ஜி வெளிப்படும். ஆகவே நடப்பதற்கு முந்தைய சாப்பாட்டில் கவனம்.

ஊசி போட்டுச் சரியாகிவிட்டாலும் மருத்துவமனைக்குப் போகத்தான் வேண்டும், சில மணி நேரம் கழித்து மறுபடி வரலாம், அதனால் அங்கே உட்காரவைத்துப் பார்ப்பார்கள். வீட்டுக்குப் போகிறேன் என்று அவசரப்படாதீர்கள். சாப்பிட்ட பொருளின் பாக்கெட்டையும் காலியான ஊசியையும் கையோடு கொண்டுபோங்கள். மறுநாளே புதிய மருந்துக்கு எழுதி வாங்குங்கள், புதிதாக ஏதாவது அலர்ஜி தெரியவந்தால் பட்டையை மாற்றிப் பொறிக்கவும் அமைப்பில் உள்ள விவரத்தைத் திருத்தவும் சொல்லுங்கள்.

காலாவதித் தேதியை நாங்கள் பொங்கலுக்கும் தீபாவளிக்கும் வீடு சுத்தம் செய்யும்போது பார்ப்போம். மருந்து நிறம் மாறியிருந்தாலோ கலங்கியிருந்தாலோ தேதி இருந்தாலும் மாற்றிவிடுவோம். காலாவதியான ஊசிப் பேனாவைத் தூக்கிப் போடாதீர்கள், ஒரு ஆரஞ்சுப் பழத்தை மேசையில் வைத்து அத்தை, மாமா, அண்ணி என்று எல்லோர் முன்னாலும் குத்திக் காட்டுங்கள், யாராவது ஒருவர் கையிலும் கொடுத்துக் குத்தச் சொல்லுங்கள். ஊசி வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் கவனம், குத்திய பழத்தை யாரும் உரித்துச் சாப்பிட்டுவிடாமல் உடனே குப்பையில் போட்டுவிடுங்கள், பேனாவை மட்டும் மருந்துக்கடையில் கொண்டுபோய்க் கொடுங்கள்.